தரமான போலிகளின் முதலாவது கண்காட்சி

உலகத்தில் ஏமாறாத நாடு கிடையாது. ஆனால் ஏமாறுவதை ஒழிப்பதற்கென்றே போசகர், தலைவர், செயலாளர் எல்லாம் முறைப்படி தெரிவுசெய்து, ரப்பர் முத்திரையும் வெட்டிக்கொண்டு களத்தில் இறங்கிய முதல் பூமி எங்கள் வெள்ளைப்பாறைத் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவுதான். அப்புத்தளைக்கும் ஹல்துமுல்லைக்கும் நடுவில், பாதி நாள் பனிமூட்டத்துக்குள் கிடப்பதால் இந்தச் செய்தி வெளியுலகத்துக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே, செயலாளராகிய நான் இதை எழுதுகிறேன். ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்துப் பழகிய கை. நடந்ததை நடந்த வரிசையில்தான் எழுத வரும்.

முதலில் காரணம். சம்பளத்துக்கு மறுநாள், காலையில் ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் எங்கள் பெரட்டுக் களத்துக்கு ஒரு வேன் வந்தது. தலையில் ஒலிபெருக்கி. "தொறமுகத்துல புடிச்ச ஜப்பான் சாமான். கம்பெனிய இழுத்து மூடுறாங்க. இன்னிக்கு மட்டுந்தான்" என்று அது அலறியது. அந்த வேன் 'இன்னிக்கு மட்டும்' எங்கள் தோட்டத்துக்கு வந்தது அந்த வருடத்தில் பலமுறை.

கொழுந்து எடுக்கும் இராக்கம்மா அதில் ஒரு ரைஸ் குக்கர் வாங்கினார். ஆசைக்கு வாங்கவில்லை. நெஞ்சைக் கிழிக்கிற இருமல் அவருக்கு. விறகடுப்புப் புகை இனி ஒரு நாளும் ஆகாது, ஊதினால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். குக்கருக்கு கரண்ட் கொடுத்த அன்றே 'டப்' என்று ஒரு சத்தம். குக்கரோடு சேர்த்து, வரிசை வீடுகளான லயம் முழுவதும் இருண்டது. அரிசி அரிசியாகவே இருந்தது. மறுநாள் காலை பழையபடி விறகு, பழையபடி புகை, பழையபடி இருமல்.

கருகிய குக்கரைத் துண்டில் கட்டிக்கொண்டு அவர் என்னிடம் வந்தார்.

"ஐயா, ஒரு கடிதாசி எழுதிக் குடுங்க. அந்த ஆளு இத வாங்கிக்கிட்டு, சோறு வேகுற மாதிரி ஒண்ணு குடுக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

சின்னப் புத்திக்காரன் என்றால் அந்தக் கடிதத்தை எழுதியிருப்பான். நான் சங்கம் அமைத்தேன்.

பெயர், 'மலிவுப் பொருள் மோசடித் தடுப்பு விழிப்புணர்வு மேம்பாட்டுச் சங்கம்'. இவ்வளவையும் வெட்ட முத்திரையில் இடம் போதவில்லை. 'மலிவுப் பொருள் மோசடி' என்பதோடு வட்டம் முடிந்துவிட்டது. ஆகவே எங்கள் கடிதங்களில் 'செயலாளர், மலிவுப் பொருள் மோசடி' என்றுதான் விழும். அதன்மேல் நான் கையெழுத்து வைப்பேன்.

சங்கத்துக்கு ஆதரவு தரும் போசகராகத் தோட்டப் பாடசாலை அதிபர் செல்வரத்தினம் அவர்கள் தெரிவானார். யாழ்ப்பாணத்துக்காரர், எந்த விசயத்துக்கும் கண்காட்சிதான் தீர்வு என்று உறுதியாக நம்புகிறவர். தலைவராக வந்தவர் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை பொன்னையா. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஆயுள் முழுக்க நின்று, பெண்கள் கொட்டும் கொழுந்தைக் கிளறிப் பார்த்து, "தரமில்ல" என்று புறங்கையால் தள்ளியவர். ஓய்வுக்குப் பிறகு தள்ளுவதற்கு எதுவும் கிடைக்காமல் வாடிப்போயிருந்தார். பதவி வந்ததும் முகத்தில் களை வந்தது.

முதற் கூட்டம் கோயில் மண்டபத்தில் நடந்தது.

"தலைவரே, என் குக்கரு..." என்று எழுந்தார் இராக்கம்மா.

"ஒக்காரும்மா. அது ஒன்னோட தனிப்பட்ட விசயம். நாங்க கொள்கையப் பேசிக்கிட்டு இருக்கோம்."

இராக்கம்மா உட்கார்ந்தார். இருமல் உட்காரவில்லை. போசகர் என் பக்கம் சாய்ந்தார்.

"உந்த இருமலையும் கூட்ட அறிக்கையில போடுங்கோ. சனம் உணர்ச்சியோட பங்குபற்றினது எண்டு தெரியட்டும்."

போட்டேன். பிறகு அவர் தன் யோசனையை வெளியிட்டார். "போலி எது எண்டு சனத்துக்குக் கண்ணால காட்ட வேணும். ஒரு கண்காட்சி வைப்பம்." ஏகமனதாக நிறைவேறியது. லயம் லயமாகச் சந்தா வசூலித்தோம். முதற் சந்தா கொடுத்தவர் இராக்கம்மாதான் என்பதை இங்கே பெருமையுடன் பதிவுசெய்கிறேன்.

கண்காட்சிக்குப் போலிகள் வேண்டுமே. அடுத்த கூட்டத்தில் இராக்கம்மா மறுபடி எழுந்தார்.

"என்கிட்ட ஒண்ணு இருக்குங்க. இதையே வைங்க. இதுக்குப் பதிலா சங்கம் எனக்கு ஒரு வழி பண்ணிக் குடுத்தா..."

தலைவர் குக்கரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அடியில் கரி, ஓரத்தில் உருகல்.

"இதப் பாத்து எவனாச்சும் அசல்னு சொல்லுவானா? கண்ணு தெரியாதவன்கூடச் சொல்ல மாட்டான். இத வச்சி மக்களுக்கு என்னத்தக் காட்டுறது? தரமில்ல." புறங்கையால் தள்ளினார்.

மக்களை விழிப்படையச் செய்ய வேண்டுமானால், மக்களை நிச்சயமாக ஏமாற்றக்கூடிய போலியே தேவை என்று தீர்மானமானது. அதை யாரிடம் கேட்பது? அனுபவம் உள்ளவரிடம்தான். வேன்காரர் தினேசுக்கு நான் எழுதினேன்: 'தங்கள் நிறுவனத்தின் மேலான மோசடிகளுள் மிகச் சிறந்ததை எமக்குத் தந்துதவுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.' வேன் வந்தபோது கையிலேயே கொடுத்தேன். அவர் வாசித்தார். முத்திரையை வாசித்தார். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நீங்களும் இதே லைன்தானாங்க?" என்று கேட்டார்.

விளக்கிச் சொன்னேன். மனிதர் நெகிழ்ந்துபோனார். இத்தனை காலமும் அவரைத் துரத்தியிருக்கிறார்கள். எழுத்தில் கேட்டது நாங்கள்தான் முதல். அவரைச் சங்கத்துக்கு ஆலோசனை சொல்லும் 'வளவாளர்' ஆக்கினோம். கூட்டத்துக்கு வந்தால் நாற்காலி, சாசரோடு தேத்தண்ணி.

இராக்கம்மா அவரை வாசலில் மறித்தார். "தம்பி, என் குக்கர மாத்திக் குடுப்பா. பொகையில சாகுறேன்."

"அக்கா, நான் இப்ப சங்கத்து ஆளு. எதுன்னாலும் செக்ரட்டரி ஐயா மூலமா எழுத்துல குடுங்க."

இவ்வளவு சீக்கிரம் ஒருவர் நடைமுறையைக் கற்றுக்கொண்டதைக் கண்டு எனக்கு உள்ளம் குளிர்ந்தது.

அதன்பின் தொடங்கியது தலைவரின் பொற்காலம். தினேஸ் முதலில் கொண்டுவந்த குக்கரில் கம்பெனிப் பெயர் கோணலாக ஒட்டியிருந்தது. "தரமில்ல." அடுத்ததில் மூடி ஆடியது. "தரமில்ல." அதற்கடுத்ததைத் தூக்கியே பார்த்தார். "கனமே இல்ல. பஞ்சு மாதிரி இருக்கு. யார ஏமாத்தப் பாக்குற?"

"தலைவரே, போலின்னா அப்பிடித்தாங்க இருக்கும்."

"எனக்கே பாடமா? கொழுந்துல எவ்வளவு ஈரம்னு தொட்டுப் பாத்தே சொன்ன ஆளு நான். அசலுக்கும் இதுக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்கக் கூடாது. அப்பிடி ஒரு போலி இருந்தா கொண்டா. இல்லாட்டி வேற ஆளப் பாத்துக்கிறோம்."

தினேஸ் தலையைச் சொறிந்தார். "இருக்குங்க. வெலைதான் கொஞ்சம் கூட."

"வெலையப் பத்தி யாரு கேட்டா? தரத்தைத்தானே கேக்குறோம்."

அடுத்த முறை வந்த குக்கரைத் தலைவர் தட்டினார், முகர்ந்தார், காதில் வைத்தும் கேட்டார். கண் கலங்கிவிட்டது.

"செக்ரட்டரி, இதுதான்யா போலி. கைய வைக்க ஒரு குறை இல்ல."

முன்னெச்சரிக்கையாக நான் உத்தரவாதம் கேட்டேன். அது போலியேதான் என்பதற்கு தினேஸ் ஒரு வருட கேரண்டி கொடுத்தார். சந்தாப் பணம் அனைத்தும் அவர் பைக்குள் போனது.

குக்கருக்கு முன்னால் வைக்க அழகான அட்டை ஒன்றை நானே எழுதினேன். முத்து முத்தான எழுத்து. மூன்றே வரி:

'பார்வைக்கு அசல் போலவே இருக்கும்.
அவசரத்துக்கு உதவாது.
நம்பி ஏமாற வேண்டாம்.'

கண்காட்சி நாள் வந்தது. மங்கள விளக்கு ஏற்றினோம். தினேசுக்குப் பொன்னாடை போர்த்தினோம். மேடையில் மேசை, மேசைக்குப் பின்னால் போசகர், தலைவர், நான். மேடை ஓரத்தில் தனியாக ஒரு ஸ்டூலில் குக்கரும் அட்டையும். முக்கிய நிகழ்ச்சி, 'போலி வெடிப்பது எப்படி: செயல்முறை விளக்கம்'. பாதிக்கப்பட்டோர் சார்பில் இராக்கம்மா அரிசியும் தண்ணீரும் கொண்டுவந்து போட்டார். மணல் வாளி தயாராக இருந்தது. சனத்தைப் பின்னால் தள்ளினோம். போசகர் மேடையை விட்டு இறங்கி, தூணுக்குப் பின்னால் நின்று கையசைத்தார்.

சுவிட்சைப் போட்டேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. சனம் காதைப் பொத்தியது. ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மூடி மெல்லத் தட்டியது. "வருது, வருது" என்று தலைவர் நாற்காலிக்குக் கீழே குனிந்தார். ஆவி வந்தது. 'டிக்' என்று ஒரு சத்தம். சிவப்பு போய் மஞ்சள் விளக்கு வந்தது. மண்டபம் முழுக்க ஒரு வாசம்.

"உது சோறெல்லோ" என்றார் போசகர், தூணுக்குப் பின்னால் இருந்து.

"யாரும் கிட்டப் போகாதீங்க" என்றார் தலைவர்.

இராக்கம்மா போய் மூடியைத் திறந்தார். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தார். "நல்லா வெந்திருக்குங்க. கொழையக்கூட இல்ல."

எல்லோரும் தினேசைப் பார்த்தோம். அவர் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார்.

"நான் என்னங்க செய்யிறது? நீங்க கேட்ட தரத்துல எவனும் போலி செய்யல. பதுளை, பண்டாரவளை, எல்லா எடமும் தேடிட்டேன். கடைசில அப்புத்தளை ஸலீம் முதலாளி கடையில, கண்ணாடிக்குள்ள இருந்தத வாங்கியாந்தேன். தலைவர் பாத்துட்டு இதுதான் போலின்னாரு. அவரு தப்பாவா சொல்லுவாரு?"

"அசலக் குடுத்து நம்மள ஏமாத்திட்டான்" என்றார் தலைவர், தழுதழுத்த குரலில்.

மேடையிலேயே அவசரக் கூட்டம் கூடியது. போலி என்று நம்பவைத்து அசலை விற்ற நயவஞ்சகத்தைச் சங்கம் வன்மையாகக் கண்டித்தது. குக்கரைத் திருப்பிக் கொடுத்து, பதிலுக்கு முறையான போலி ஒன்றைப் பெறுவதென்று தீர்மானித்தோம்.

"ஒண்ணு கேக்கலாங்களா?" என்றார் இராக்கம்மா. "உங்களுக்கு வேண்டியது போலி. என்கிட்ட இருக்கு. எனக்கு வேண்டியது அசல். உங்ககிட்ட இருக்கு. மாத்திக்கிட்டா முடிஞ்சிச்சி."

சபையில் இவ்வளவு தெளிவான பேச்சு எழுந்தால் சங்கத்துக்கே ஆபத்து. நான் எழுந்து நடைமுறையை விளக்கினேன்: எழுத்து மூலம் கோரிக்கை, முன்மொழிபவர் ஒருவர், வழிமொழிபவர் ஒருவர், விசாரணைக் குழு, அதன்பின் பொதுச்சபை. நடுவில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. மரியாதைக்காக நிறுத்தினேன். அது அடங்கியதும் மறுபடி முதலில் இருந்து விளக்கினேன்.

அவர் கேட்டு முடித்தார். பிளக்கைப் பிடுங்கினார். சோற்றோடு குக்கரைத் துண்டில் கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டார். தன் கருகிய குக்கரை அந்த இடத்தில் வைத்தார். அப்போதுதான் என் அட்டை அவர் கண்ணில் பட்டது. கையில் எடுத்து, மூன்று வரியையும் சத்தமாக வாசித்தார். கருகிய குக்கரைப் பார்த்தார்.

"இதுக்கு இந்த அட்ட பொருந்தாது. இதப் பாத்து எவனும் அசல்னு சொல்ல மாட்டான்னு தலைவரே சொல்லிட்டாரு."

அட்டையைக் கொண்டுவந்து மேடையில் எங்கள் மேசையின் நடுவில், சனத்தின் பக்கம் பார்க்க நிறுத்திவிட்டுப் போனார்.

இப்போது அவர் லயத்துக் காம்பராவில் புகை வருவதில்லை. இரவில் இருமல் சத்தமும் குறைந்திருக்கிறது. வருடாந்த அறிக்கையில் இதைச் சங்கத்தின் முதற் சாதனையாகச் சேர்த்திருக்கிறேன். கண்காட்சியும் தொடர்ந்து நடக்கிறது. அட்டை அதே இடத்தில்தான் இருக்கிறது. அதை எடுக்க ஒரு தீர்மானம் வேண்டும், அதை முன்மொழிய இதுவரை ஒருவரும் வரவில்லை.

போன வாரம் எல்ல என்ற ஊரில் இருந்து ஒரு பெண் பார்க்க வந்திருந்தார். அட்டையை நிதானமாக வாசித்தார். பின்னால் வரிசையாக உட்கார்ந்திருந்த எங்கள் மூவரையும் ஒருவர் ஒருவராகப் பார்த்தார்.

"ஆமாங்க, கொஞ்சங்கூட வித்தியாசமே தெரியல" என்றார்.

தலைவர் எழுந்து நன்றி சொன்னார்.