டிக்கிக்குள் மிண்டாதே மேஸ்திரி

வண்டிக்குத் தெரியாமல் ஒளிந்திருந்து வண்டியைப் பழுது பார்த்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். உதியன்குளங்கரையில் பட்டறை வைத்திருந்த அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஊருக்கு அவர் மிண்டாதே மேஸ்திரி. எங்கள் பக்கத்தில் ‘மிண்டாதே’ என்றால் பேசாதே என்று அர்த்தம். எந்த வண்டியின் பக்கத்தில் போனாலும் அவர் வாயிலிருந்து முதலில் வரும் வார்த்தை அதுதான்.

மேஸ்திரியைக் கண்டால் வண்டி நடிக்கும் என்பது அவர் கட்சி. ஊரெல்லாம் கடகடவென்று ஓடுகிற ஜீப், பட்டறை வாசலுக்கு வந்ததும் பூனை மாதிரி நிற்கிறதே, ஏன்? அதனால் காக்கிச் சட்டையைக் கழற்றி வைத்து, வெள்ளை வேட்டி கட்டி, கல்யாணத்துக்குப் போகிறவரைப் போல வந்து ஏறுவார். வண்டிக்குச் சந்தேகம் வராமலிருக்க மரச்சீனிக் கிழங்கு விலையைப் பற்றிப் பேசுவார். ஸ்பானர் என்ற சொல்லை வண்டியின் முன்னால் உச்சரிக்க விடமாட்டார்.

இன்னொரு விசேஷம், அவரைப் போலப் பயந்தவர் கிடையாது. ஹாரன் ஒட்டிக்கொண்டது என்று போனால்கூட, “வீட்டுல எல்லாருட்டயும் சொல்லீட்டா வந்திய?” என்று கேட்பார். காட்டாக்கடையிலிருந்து சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்த ஒருவர் இந்தக் கேள்வி காதில் விழுந்ததும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஊர் திரும்பியதாகச் சொல்வார்கள். நான் நம்புகிறேன்.

தொண்ணூறுகளில் நான் காரோடு என்ற ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். மனைவிக்கு மாதம் நெருங்கியிருந்தது. எங்கள் சந்துக்கு எந்த ஆட்டோக்காரரும் வரமாட்டார். ஆஸ்பத்திரி நெய்யாற்றின்கரையில். அந்தப் பயத்தில்தான் ஒரு பழைய கார் வாங்கினேன். வாங்கிய வாரமே பின்பக்கம் இடது சக்கரத்தில் ‘கடக், கடக்’ என்று ஒரு சத்தம். எனக்குத் தூக்கம் போயிற்று. வலி வந்தபிறகு நடுவழியில் சக்கரம் மக்கர் பண்ணினால் நான் யாரைக் கூப்பிடுவேன்?

மேஸ்திரி வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். சத்தம் வரவில்லை. பின்சீட்டில் அரிசிச் சாக்கு வைத்துப் பார்த்தோம். வரவில்லை. என் மனைவி ஏறி இடதுபக்கம் உட்கார்ந்தாள். ‘கடக், கடக்.’

“பிள்ள இருந்தாத்தான் வருது சாரே” என்றார் மேஸ்திரி கவலையோடு.

“கடைசில பழி எனக்காக்கும்” என்றாள் அவள்.

எங்கிருந்து வருகிறது என்று அறிய ஒரே வழி, தான் டிக்கிக்குள் படுத்துக் காதை வைப்பது என்று மேஸ்திரி முடிவு செய்தார். அதுவும் வருகிற பந்த் நாளில். “அண்ணைக்கு ரோட்டுல பஸ்ஸு இல்ல, லாரி இல்ல. சத்தம் தனியாட்டு கேக்கும். உள்ரோட்டுல நம்மள ஆரும் தடுக்கமாட்டாவ.” பிரசவத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் நானும் தலையாட்டினேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

பந்த் அன்று காலை, டிக்கிக்குள் மேஸ்திரி, பின்சீட்டில் மனைவி. மூடியைக் கயிற்றால் அரைகுறையாகக் கட்டியிருந்தேன். கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். சத்தம் வந்தது. கூடவே மனைவி என் தோளைப் பிடித்தாள். “இஞ்ச பாருங்க, இது வேற மாதிரி இருக்கு.”

சத்தத்தைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். திரும்பி அவள் முகத்தைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டினேன். பஸ் இல்லை, டாக்ஸி இல்லை, கடைகூடத் திறக்காத நாள். ஓடிப்போய் டிக்கியைத் திறந்தேன். மேஸ்திரியின் முகம் வெளுத்திருந்தது.

“அவளுக்கு வலி வந்தாச்சு. சக்கரம் தாங்குமா மேஸ்திரி?”

அவர் இறங்கிச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“ஒண்ணும் இல்ல சாரே. எடையில ஒரு கல்லு குடுங்கி மாட்டியிருக்கு, அவ்வளவுதான். சாரு பயப்பிடண்டாம், பைய ஓட்டுங்க.”

அவர் வாயிலிருந்து ‘ஒண்ணும் இல்ல’ என்று கேட்டது அதுதான் முதல் தடவை. முன்சீட்டைக் காட்டினேன். வேண்டாம் என்று மறுபடி டிக்கிக்குள் ஏறிச் சுருண்டுகொண்டார்.

உதியன்குளங்கரை முக்கில் பந்த்காரர்கள் மறித்தார்கள். மனைவியைப் பார்த்ததும் வழிவிடத்தான் போனார்கள். அதற்குள் ஒருவர் டிக்கியைத் தூக்கிவிட்டார். உள்ளே வெள்ளை வேட்டியில் ஒரு மனிதர் வலதுபக்கத் தகரத்தோடு ஒட்டிக் கிடந்தார்.

“இதாரா?” என்றார் தலைவர்.

“மேஸ்திரி” என்றேன்.

“மிண்டாதே” என்றார் மேஸ்திரி உள்ளேயிருந்து.

தலைவர் மூடியை மெதுவாகச் சாத்திவிட்டு, “போ, போ” என்று கை காட்டினார். அன்று பந்தில் அவருக்குப் பதில் சொல்லி ஜெயித்த ஒரே ஆள் எங்கள் மேஸ்திரியாகத்தான் இருக்கும்.

உருட்டி உருட்டி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். மத்தியானத்துக்குள் மகள் பிறந்தாள். சொல்லலாம் என்று ஓடிவந்தால், மேஸ்திரி ஆஸ்பத்திரி முற்றத்தில் சக்கரத்தைக் கழற்றிப் போட்டிருந்தார். பேரிங் நொறுங்கித் துண்டு துண்டாகப் பேப்பரில் கிடந்தது. சக்கரம் எந்த வளைவிலும் கழன்று ஓடியிருக்கும்.

“கல்லுன்னு சொன்னீரே” என்றேன்.

“நெசத்தச் சொன்னா சாருக்க கை ஸ்டியரிங்ல நிக்குமா? வேற வண்டியும் இல்லல்லா.”

“முன்னால உக்காரச் சொன்னேனே. பின்ன என்னத்துக்கு அதுக்குள்ள கெடந்தீரு?”

“வலது பக்கம் ஒதுங்கிக் கெடந்தா, எடது சக்கரத்துக்கு இத்திரி பாரம் கொறையுமே” என்றார்.

அவரைத் தராசில் வைத்தால் ஒரு தேங்காய்ச் சாக்குக்கு வரமாட்டார். அவர் ஒதுங்கிப் படுத்ததில் சக்கரத்துக்கு எவ்வளவு பாரம் குறைந்ததோ, எனக்குத் தெரியாது. வேட்டி முழுக்கத் துரு. சக்கரம் எப்போது வேண்டுமானாலும் கழலும் என்று அவருக்குத் தெரியும். காரோட்டிலிருந்து நெய்யாற்றின்கரை வரை அந்த மனிதர் பயந்துகொண்டேதான் கிடந்திருக்கிறார். ஆனாலும் எங்களோடு வந்தார்.