பிரியாணிக் கடையில் ஓடிய மிஷின்

செல்போனை எதற்காகக் கண்டுபிடித்தார்கள் என்று உலகத்துக்கு ஆயிரம் கருத்து இருக்கலாம். ஆம்பூர் ஷூ கம்பெனி சூப்பர்வைசர் கிருபானந்தத்துக்கு ஒரே கருத்துதான். நிம்மதியாகப் பிரியாணி தின்பதற்காக.

அவருக்குச் சுகர். மனைவி ஜெயசீலியோ வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டும் ஒரே வீட்டில் வாய்த்தால் மனிதன் என்னதான் தின்பான்? தினமும் டிபன் பாக்ஸில் மூன்று சப்பாத்தியும் முகம் தெரியாத ஒரு கீரையும் வந்தன. அடுத்த தடவையும் சுகர் குறையாவிட்டால் தினசரி இன்சுலின் ஊசி என்று டாக்டர் சொல்லிவிட்டார். தையல் லைன் முழுவதையும் ஒரே அதட்டலில் நடுங்க வைக்கும் கிருபானந்தம், ஊசியைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் சொல்லுகிற ஆள்.

ஊசிக்குப் பயம். பிரியாணிக்கு ஆசை. இரண்டுக்கும் நடுவில் கம்பெனி ஆபீஸ் போன். மத்தியானம் ஜெயசீலி அதில் கூப்பிடுவாள். எடுப்பதற்கு அவர் கம்பெனிக்குள் இருந்தாக வேண்டும். செல்போனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இன்கமிங் இலவசமான மாதமே வாங்கிவிட்டார்.

"எல்லாம் உனக்காகத்தான் சீலி. நான் எங்க இருந்தாலும் நீ பேசலாம்."

"எங்க இருப்பீங்க? கம்பெனிலதான?"

"பின்ன?"

ஒரே ஒரு சிக்கல். பிரியாணிக் கடையில் 'லெக் பீஸ் ஒண்ணேய்!' என்று கத்துவார்கள். அது எந்த ஷூ கம்பெனியிலும் கேட்கிற சத்தமில்லை. வேலூர் லாங் பஜாரில் சீனாக்காரன் செய்த குட்டி டேப் ரெக்கார்டர் ஒன்றை வாங்கினார். தையல் மிஷின்கள் தடதடவென்று ஓடும் சத்தத்தை அதில் பிடித்தார். ஜப்பான் போன், சீன டேப், ஆம்பூர் பிரியாணி. ஆசியாக் கண்டமே தன் பக்கம் நிற்பதாக அவருக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை போன் அடித்தது. இடது கையால் டேப்பைத் தட்டினார். வலது கை நெய்யில் இருந்தது.

"ஏங்க, சாப்ட்டீங்களா?"

"ஆச்சு ஆச்சு. கீரை பிரமாதம்."

"இன்னாங்க இவ்ளோ சத்தம்?"

"ஏற்றுமதி ஆர்டர். பேஜார் தாங்கல."

"பாவங்க நீங்க," என்றாள். அந்தப் 'பாவம்' கேட்டதும் அவருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டதும் சரியாகிவிட்டது. வியாழன் வரை இப்படியே போயிற்று. திருட்டுத்தனத்தில் தனக்கு இவ்வளவு திறமை இருப்பது தெரியாமல் பாதி ஆயுளை வீணாக்கிவிட்டோமே என்று வருந்தினார்.

வெள்ளிக்கிழமை கடையில் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. கல்லாவில் ஆளில்லை. முன்னாடியே வந்து உட்கார்ந்துவிட்டவர் என்பதால் இவரை மட்டும் சாப்பிட விட்டிருந்தார்கள். ஏன் என்று யோசித்திருக்க வேண்டும். தட்டில் தம் பிரியாணி இருக்கும்போது யார் யோசிப்பது? போன் அடித்தது. டேப்பைத் தட்டினார்.

"சாப்ட்டீங்களா?"

"இப்பதான் முடிச்சேன் சீலி."

"இன்னிக்கும் மிஷின் ஓடுதா?"

"இன்னிக்குத்தான் ஜாஸ்தி. மூச்சு விட நேரமில்ல."

"யாரு ஓட்டுறாங்க?"

என்ன கேள்வி இது? தன் லைனில் தைக்கிறவர்களில் வாயில் வந்த பெயரைச் சொன்னார். "நம்ம தபரேஸ்தான். தலையே நிமிரல."

மறுமுனையில் அவள் மெதுவாக, "தபரேஸா? சரிங்க. பாத்துக்கலாம்," என்று வைத்துவிட்டாள்.

பார்த்துக்கொள்ளலாமாம்! எவ்வளவு நல்ல மனைவி! கிருபானந்தம் எலும்பை உறிஞ்சினார். அப்போதுதான் எதிர்ப் பள்ளிவாசலில் ஜும்மா தொழுகை முடிந்து கூட்டம் வெளியே வந்தது. முன்வரிசையில் தொப்பியும் அத்தருமாகத் தபரேஸ்.

"அண்ணே, இங்கதான் இருக்கீங்களா?"

எலும்பு கையிலிருந்து நழுவியது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மா முடியும் வரை கம்பெனியில் ஒரு மிஷினும் ஓடாது. மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவார்கள். அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். கடைத்தெருவில் கீரை விற்கிறவருக்குக்கூடத் தெரியும். ஜெயசீலிக்குத் தெரியாதா?

சமாதானம் ஒன்றைத் தேடியபடியே கம்பெனிக்கு ஓடினார். டீ நேரத்துக்குள் மூன்று தயார் செய்தார். மூன்றாவது அவருக்கே பிடித்திருந்தது. அதைச் சொல்லிப் பார்ப்பதற்குள் வாட்ச்மேன் வந்து கூப்பிட்டான்.

கேட்டருகே ஜெயசீலி. நர்ஸ் உடுப்போடு அப்படியே பஸ் ஏறியிருந்தாள். கையில் சுகர் பார்க்கிற சின்ன மிஷின்.

"பாத்துக்கலாம்னு சொன்னேனே. சாப்ட்டு ரெண்டு மணி நேரம் ஆச்சு. விரல நீட்டுங்க."

"இங்கயா? எல்லாரும் பாக்குறாங்க சீலி. அந்த மிஷின் தப்பாக் காட்டும்."

"பொய் சொல்றது உங்க மிஷின். இது சொல்லாது."

விரலில் சுருக்கென்றது. கிருபானந்தம் கண்ணை மூடி ஜெபித்தார். தபரேஸ் எட்டிப் பார்த்து, "முன்னூத்திப் பத்தா! அண்ணே, இன்னிக்கு லைன்ல எடுத்த ஷூ ஜோடியவிட ஜாஸ்தி," என்றான்.

ஜெயசீலிக்குச் சிரிப்பு வரவில்லை. கண்தான் கலங்கியது. "வார்டுல தெனம் சுகர் புண்ணுக்குக் கட்டு போடுறேங்க. உங்க காலுக்கும் போடணுமா?"

கிருபானந்தத்துக்கு மூன்று சமாதானங்களும் மறந்துபோயின. "நாளைலருந்து ஊசி போட்டுக்கறேன் சீலி," என்றார். பிறகு, ஈனக் குரலில், "கையில போட்டா ரொம்ப வலிக்குமா?"

"கையில எதுக்கு?" கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "இன்சுலின தொப்பைல போடலாம். இடத்துக்கா பஞ்சம்?"