அரைக்கண்ணரும் அந்தம்மாவும்

உலகத்திலேயே முழு விழிப்பில் இருக்கும்போது அதிகத் தடவை எழுப்பப்பட்ட மனிதர் யார் என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். எங்கள் வேன் டிரைவர் அரைக்கண்ணர்தான். இந்த விஷயத்தில் அவருக்குப் போட்டியாக ஒருவர் இனிமேல்தான் பிறந்து வர வேண்டும்.

அப்போது நாங்கள் பத்து ஆசிரியர்கள் இராமநாதபுரத்தில் குடியிருந்துகொண்டு, இராமேஸ்வரம் தீவில் உள்ள பள்ளிகளில் வேலை பார்த்தோம். போய்வர மாத வாடகைக்கு ஒரு வேன் பேசியிருந்தோம். வேனோடு சேர்ந்து வந்தவர் அரைக்கண்ணர். பிறவியிலேயே அவருடைய மேல் இமைகள் இரண்டும் பாதி வழியில் நின்றுவிட்டன. மத்தியான வேளையில் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பாரே, அந்த மாதிரி. உள்ளே ஆள் முழுசாக இருப்பார். பார்வையில் ஒரு குறையும் கிடையாது. பாம்பன் பாலத்தில் போகும்போது கீழே வருகிற விசைப்படகில் என்ன மீன் கிடக்கிறது என்று சொல்வார். ரோட்டைப் பாருங்கள் அண்ணே என்று நாங்கள்தான் கெஞ்சுவோம்.

வீட்டில் வைத்த பெயர் என்ன என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. போனை எடுத்தாலே "அரைக்கண்ணு பேசுறேன்" என்பார். அவருடைய கல்யாணத்தில் போட்டோக்காரர் மாப்பிள்ளை கண் திறக்கட்டும் என்று காத்திருந்து, காத்திருந்து, தாலி கட்டுவதையே கோட்டைவிட்டாராம். ஆல்பத்தில் அந்த இடத்தில் நாதஸ்வரக்காரர் படம் இருக்கிறது.

போலீஸுக்கும் அவருக்கும் தனி உறவு. செக்போஸ்ட்டுக்கு மாற்றலாகி வருகிற ஒவ்வொரு எஸ்.ஐ.யும் அவர் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஊதுகிற கருவியை நீட்டுவார். இத்தனைக்கும் மனிதர் குடியை வாழ்நாளில் தொட்டதில்லை. பதனீர்கூட வெயில் ஏறிவிட்டால் புளித்திருக்கும் என்று வேண்டாம் என்பார். பவ்யமாக ஊதுவார், கருவி பூஜ்யம் காட்டும், வந்து வண்டியை எடுப்பார். "பள்ளிக்கூடத்துலகூட நான் இம்புட்டு முட்டை வாங்குனதில்ல டீச்சர்" என்பார் என்னிடம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அந்தம்மா வந்து சேர்ந்தது.

தூக்கத்திலோ போதையிலோ ஓட்டுகிறவர்களைக் கண்டுபிடிக்கும் கருவியை வாடகை வண்டிகளில் கட்டாயமாக்க அரசாங்கம் விதி கொண்டுவரப் போகிறது என்று பேச்சு வந்தது. வரைவுதான் வெளியாகியிருந்தது. எங்கள் வேன் முதலாளி எதிலும் முந்திக்கொள்கிற ஆள். விதி வருவதற்கு முன்னாலேயே ஒன்றை வாங்கி மாட்டிவிட்டார். ஸ்டியரிங்குக்கு மேலே தீப்பெட்டி அளவில் ஒரு கேமரா. அது டிரைவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். கண் செருகினால் ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி ஒரு பெண் குரல் வரும்.

முதல் நாள் வண்டி பஸ் ஸ்டாண்டைத் தாண்டவில்லை. "ஓட்டுநரே, தாங்கள் தூக்கக் கலக்கத்தில் உள்ளீர்கள். வாகனத்தை நிறுத்தி ஓய்வு எடுக்கவும்" என்றது குரல்.

அரைக்கண்ணர் மரியாதை தெரிந்தவர். "இல்லம்மா, முழிச்சுத்தேன் இருக்கேன்" என்று பதில் சொன்னார்.

அந்தம்மா நம்பவில்லை. இரண்டாம் தடவையும் சொன்னது. மூன்றாம் தடவை சீட் கிடுகிடுவென்று நடுங்கியது, முதலாளியின் போனுக்குத் தகவல் போனது. முதலாளி உடனே கூப்பிட்டார். வண்டி ஓட்டும்போது போன் பேசுவது அரைக்கண்ணருக்குப் பாவம். ஓரங்கட்டினார், இன்ஜினை அணைத்தார், இறங்கி நின்றுகொண்டு தான் விழித்திருப்பதைப் பத்து நிமிஷம் விளக்கினார். திரும்ப ஏறி வண்டியை எடுத்ததும் அந்தம்மா முதலிலிருந்து ஆரம்பித்தது. தீவுக்குள் நுழைவதற்குள் ஆறு தடவை இறங்கினார். தாமதத்துக்குக் காரணம் எழுதித் தரச் சொன்னார் எங்கள் தலைமையாசிரியை. நான் தமிழாசிரியை, உண்மையைச் சுருக்கமாக எழுதினேன்: 'ஓட்டுநர் தூங்கவில்லை என்று நிரூபிக்க நேரமாகிவிட்டது.'

மறுநாளிலிருந்து அரைக்கண்ணர் அந்தம்மாவைத் திருப்திப்படுத்த இறங்கினார். முதலில் இமைகளை பிளாஸ்திரி போட்டு நெற்றியோடு ஒட்டிக்கொண்டு வந்தார். பாம்பன் பாலத்துக் காற்று திறந்த கண்ணில் அடித்ததில் கண்ணீர் தாரை தாரையாக ஊற்றியது. வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்து எங்கள் கணக்கு வாத்தியார் பின்னாலிருந்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்தபடியே வந்தார். அடுத்து, பாட்டுப் பாடினால் தெளிவாக இருப்பதாகத் தெரியும் என்று உரக்கப் பாடிக்கொண்டு ஓட்டினார். அந்தம்மா அதைக் கொட்டாவிக் கணக்கில் சேர்த்துவிட்டது. மூன்றாவதாகக் கூலிங்கிளாஸ் போட்டார். அன்றைக்கு அந்தம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் என் போன் அடித்தது. முதலாளி நடுங்கிய குரலில், "டீச்சர், வண்டியில டிரைவர் இல்லைன்னு மெசேஜ் வருது. யாரு ஓட்டுறா?" என்று கேட்டார்.

அதோடு முதலாளி அவரை நிறுத்திவிட்டார். கண்ணைச் சரி பண்ணிக்கொண்டு வா, வேலை தருகிறேன் என்றாராம். ஐம்பது வயதில் கண்ணை எங்கே போய்ச் சரிபண்ணுவது? அரைக்கண்ணர் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

புதிதாக வந்தவருக்கு நாங்கள் முட்டைக்கண்ணர் என்று பெயர் வைத்துக்கொண்டோம். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், நல்ல மனிதர். அவருடைய கண்களைப் பார்த்ததும் அந்தம்மா வாயடைத்துப் போய்விட்டது. ஒரு வாரம் சரியான நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போனோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அரைக்கண்ணரை நான் ஏறக்குறைய மறந்தே போனேன்.

அடுத்த திங்கட்கிழமை காலை. மண்டபம் ஊரை நெருங்கும்போது வேன் மெதுவாக இடது பக்கம் சாய்ந்து போனது. ஏதோ வண்டிக்கு வழி விடுகிறார் என்று நினைத்தேன். எதிரில் ஒரு வண்டியும் இல்லை. முன் சீட்டில் இருந்த நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். கண்கள் நன்றாகத் திறந்திருந்தன. உள்ளேதான் ஆள் இல்லை. நான் கத்தியபோது சக்கரம் மணலில் இறங்கிவிட்டது. வேன் கருவேலம் புதருக்குள் மூக்கை நுழைத்து நின்றது. சாப்பாட்டு டப்பாக்கள் உருண்டன, கணக்கு வாத்தியாருக்கு முழங்காலில் அடி. இன்னும் பத்தடி தாண்டியிருந்தால் ஒரு கல்பாலம். அந்தம்மா அப்போதும் மௌனமாகத்தான் இருந்தது.

முட்டைக்கண்ணர் இறங்கி மணலில் உட்கார்ந்து அழுதார். சனிக்கிழமை கன்னியாகுமரி, ஞாயிற்றுக்கிழமை மதுரை விமான நிலையம் இரண்டு நடை, அப்படியே எங்கள் சவாரி. இரண்டு நாளாக அவர் படுக்கவில்லை. முடியாது என்று சொன்னால் வேலை போய்விடும் என்று பயம்.

நான் முதலாளியைக் கூப்பிடாமல் அரைக்கண்ணரைக் கூப்பிட்டேன். ஷேர் ஆட்டோ பிடித்து வந்து இறங்கினார். பார்த்தீர்களா, நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முட்டைக்கண்ணரைக் கையைப் பிடித்து எழுப்பி, டீ வாங்கிக் கொடுத்து, கடைசி சீட்டில் படுக்கவைத்துத் தன் துண்டைத் தலைக்கு வைத்தார். பிறகு வேனைப் பின்னால் எடுத்து, குறட்டைச் சத்தத்தோடு எங்களைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம் அந்தம்மா திட்டியது, அவரும் "சரிம்மா, சரிம்மா" என்றே வந்தார். சாயங்காலம் முட்டைக்கண்ணரையும் முதலாளி நிறுத்திவிட்டார் என்று தெரிந்தது. அன்றைக்குத்தான் அரைக்கண்ணருக்குக் கோபம் வந்து பார்த்தேன்.

அந்த வாரமே வரைவு விதிமேல் கருத்துக் கேட்கிற கூட்டம் இராமநாதபுரத்தில் நடந்தது. நாங்கள் பத்துப் பேரும் ஒரு மனு எழுதிக்கொண்டு அரைக்கண்ணரோடு போனோம். மேடையில் அதிகாரி. மேஜையில் மாதிரிக்கு ஒரு கருவி, பக்கத்தில் அதை விற்கிற கம்பெனியின் மெக்கானிக். இரண்டாவது வரிசையில் எங்கள் முதலாளி. அரைக்கண்ணர் தன் முறை வந்ததும் எழுந்து போய்க் கருவிக்கு முன்னால் நின்றார். ஓய்வு எடுக்கவும் என்றது அது. அரங்கமே சிரித்தது. மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை. வண்டியில் மாட்டியதும் உங்கள் முகத்தைப் பதிந்தார்களா என்று கேட்டார். ஒவ்வொரு டிரைவரின் முகத்தையும் முதலில் காட்டிப் பழக்க வேண்டுமாம். பத்து நிமிஷ வேலையாம். எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

கருவி வேண்டாம் என்று கேட்கத்தான் அரைக்கண்ணர் வந்திருக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். அவர் பேசியது வேறு.

"சார், அந்தம்மா மேல தப்பில்ல. என் மொகத்த அதுக்கு யாரும் காட்டல. மாட்டுனா மட்டும் பத்தாது, ஓட்டுறவன் மொகத்தக் காட்டி வைக்கணும்னு சட்டத்துல மொதல்ல எழுதுங்க."

அவ்வளவுதானா என்று அதிகாரி கேட்டார்.

"இன்னொண்ணு இருக்கு சார். எங்க வண்டி மண்ணுல எறங்குன அன்னைக்கு ஓட்டுன ஆளு ரெண்டு நாளாப் படுக்கல. கண்ணு என்னமோ நல்லாத் தொறந்துதேன் இருந்துச்சு. கண்ணப் பாக்க மிஷின் வச்சிட்டீக. எத்தன மணி நேரம் ஓட்ட விட்டாகன்னு பாக்கவும் ஒண்ணு வைங்க. அத எங்க மூஞ்சிக்கு நேரா வைக்க வேணாம். ஓனர் மூஞ்சிக்கு நேரா வைங்க."

டிரைவர்கள் கைதட்டினார்கள். அந்த வேகத்தில் வேறு இரண்டு வேன் முதலாளிகளும் தட்டிவிட்டு, பாதியில் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். அதிகாரி தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார். என்ன எழுதினார் என்று தெரியாது. எங்கள் மனுவுக்கு நம்பர் போட்டு ஒரு சீட்டுக் கொடுத்தார்கள்.

வெளியே வந்ததும் முதலாளி, இந்த ஜில்லாவில் இனி எவன் உனக்கு வண்டி தருகிறான் பார்க்கிறேன் என்றார். கணக்கு வாத்தியார் நொண்டிக்கொண்டே முன்னால் வந்து, அரைக்கண்ணர் ஓட்டினால் இந்த வேன், இல்லாவிட்டால் நாங்கள் பத்துப் பேரும் நாளையிலிருந்து பஸ் என்று சொல்லிவிட்டார். முதலாளி ஒரு நாள் வீம்பாக இருந்தார். மறுநாள் மெக்கானிக்கோடு வந்து நின்றார். பத்து நிமிஷத்தில் முகத்தைப் பதிந்தார்கள். அந்தம்மா அடங்கிவிட்டது. முட்டைக்கண்ணரையும் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று அரைக்கண்ணர் பிடிவாதம் பிடித்தார், முதலாளியும் கூப்பிட்டார். அவர்தான் வரவில்லை. இப்போது காரங்காடு ஊரில் அலையாத்திக் காட்டுக்குள் சுற்றுலாக்காரர்களுக்குப் படகு ஓட்டுகிறார். பொழுது சாய்ந்தால் படகுக்கு அனுமதி இல்லை, நானும் வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்று சந்தோஷமாகச் சொன்னார்.

விதி இறுதியாக எப்படி வரப்போகிறது என்று இன்னும் தெரியவில்லை. அரைக்கண்ணர் அந்தச் சீட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு லைசென்ஸோடு வைத்திருக்கிறார்.

எனக்குப் போன வருஷம் பரமக்குடிக்கு மாற்றல் கிடைத்தது. தினமும் பஸ்தான். ஜன்னலோர சீட்டும் கிடைக்கிறது, நல்ல காற்றும் வருகிறது. ஆனாலும் அவர் ஓட்டாத வண்டியில் எனக்குக் கண்ணை மூட மனசு வருவதில்லை.