மாமாவின் காலும் என் சான்றிதழும்

சான்றிதழ் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவர் அடுத்த கேள்வி கேட்பதில்லை. சொன்னவரும் கேட்டுக்கொள்வதில்லை, ஆபத்து அங்கேதான்.

சென்னை வேலையை உதறிவிட்டு, புத்தூரில் எங்கள் வீட்டு மாடியில் கால் மசாஜ் இயந்திரம் ஒன்று செய்தேன். வெந்நீர்த் தொட்டி, அடியில் அதிரும் ஸ்டீல் தட்டு. எல்லாம் திருமலைக்கு நடந்து ஏறியவர்களின் காலுக்காக. திருப்பதியில் லாட்ஜ் நடத்தும் மாமா, பிடித்திருந்தால் எல்லா அறைக்கும் வாங்குவதாகச் சொன்னார். இல்லையென்றால் பழைய வேலைக்கே திரும்ப வேண்டும் என்பது நைனாவின், அதாவது என் அப்பாவின், தீர்ப்பு.

சோதனை நாளில் லாட்ஜ் வரவேற்பறை முழுக்க மொட்டைத் தலைகள்.

"தண்ணியில கரண்ட்டு வெக்கிறியே கண்ணு, ஷாக் அடிக்காதா?" என்றார் மாமா.

"உள்ள இருக்கற பவர் சப்ளைக்கு சர்ட்டிபிகேட்டே இருக்குது மாமா. முத்திரையப் பாருங்க!" (எதற்கான சான்றிதழ் என்று நான் படித்திருந்தால்தானே!)

மாமா காலை விட்டார். நான் ஸ்விட்சைப் போட்டேன்.

"கோவிந்தா!" என்று அலறினார்.

மொட்டைகள் அத்தனையும் ஒரே குரலில் "கோவிந்தா!" என்றன. மாமா மறுபடி அலற, அவர்கள் மறுபடி பதில் சொல்ல, ஓர் அம்மாள் மாமாவின் பக்தியைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். மசாஜ் பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று நான் வேறு பூரித்து நின்றேன். கூட வந்திருந்த நைனாதான் ஓடிவந்து ஸ்விட்சை அணைத்தார்.

நல்லவேளை, மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. "கட்டெறும்பு கூட்டமா ஏறிக்கினு போன மாதிரி இருந்துது" என்றார். எனக்குத்தான் மானம் போயிற்று.

சான்றிதழ் உண்மையானதுதான், ஆனால் கம்ப்யூட்டருக்கானது. அங்கே கொஞ்சம் மின்சாரம் கசிந்தாலும் எர்த் கம்பி வழியாகப் போய்விடும் என்று விதி பொறுத்துக்கொள்கிறது. கம்ப்யூட்டருக்குள் யாரும் ஈரக்காலை விடுவதில்லையே! உடம்பில் படும் இயந்திரத்துக்கு விதி வேறு, மிகவும் கறார். போதாததற்கு அந்த லாட்ஜ் பிளக் பாயிண்டில் எர்த் கம்பியே இல்லை.

அழுதுகொண்டே பெட்டி கட்டினேன். மாமாதான் தடுத்தார். "சரியான சப்ளையப் போட்டு எடுத்துக்கினு வா, வாங்கிக்கிறேன். ஆனா ஒவ்வொண்ணுலயும் மொதல்ல உன் காலுதான்!"

அப்படியே நடந்தது. எல்லா அறைக்கும் என் கால் ஊறியது.

போன தை மாதம் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் காலைத் தாம்பாளத்தில் வைத்து நைனா தண்ணீர் ஊற்றப் போனார். பின்வரிசையிலிருந்து மாமா கத்தினார்: "மச்சான், நில்லுங்க! பிளக்கப் புடுங்கிட்டாளான்னு கேளுங்க!"

மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளை இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். இன்றுவரை எங்கள் வீட்டு ஹீட்டர் வெந்நீரில் அவர் முதலில் குளித்ததில்லை.