காணாமல் போன இரண்டு டி.பி.

உங்கள் வீட்டுக்காரர் எதையாவது வாங்கி வந்து, "இதைத் தொடாதே" என்று சொல்லியிருக்கிறாரா? அப்படியானால் அதோடு வந்த காகிதத்தை முதலில் படித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டுக்காரர் சிரஞ்சீவி, புத்தூரிலிருந்து நாலு டி.பி. (டெராபைட்) ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்தார். பன்னிரண்டு வயசான கம்ப்யூட்டருக்கு. அத்தனையும் அவருடைய சினிமாப் படங்களுக்காம், நான் தொடக்கூடாதாம். என் போனிலோ இடமே இல்லை. பாப்பா நடப்பதை வீடியோ பிடிக்க, அவள் தவழ்ந்ததை நேற்றுதான் அழித்தேன்.

"ஏங்க, பாப்பா வீடியோவுக்குக் கொஞ்சம் எடம்..."

"சினிமா கொட்டாய்ல தொட்டில் கட்டுவியா நீ?"

அன்று ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகு காலம். நாலேகாலுக்குத்தான் டிஸ்க்கை மாட்டி முடித்தார். அவசரமாக டிஸ்க்கோடு வந்த காகிதத்திலேயே விபூதியைக் கொட்டினார், பெட்டிக்குப் பொட்டு வைத்தார், கற்பூரம் ஏற்றினார். பழைய முறையா, புதிய முறையா என்று திரை கேட்டது. படிக்க ஏது நேரம்? முதலில் இருந்ததை அழுத்தினார்.

நாலு வரவேண்டிய இடத்தில் இரண்டுதான் வந்தது.

"இன்னாங்க, பாதியக் காணோம்?"

"கெழட்டு மிஷினு. பாதிதான் கண்ணு தெரியும். மீதி செத்துப்போச்சு."

"அப்ப செத்தத எனக்குக் குடுத்துடுங்க."

"தூக்கிக்கினு போ தாயி."

"சும்மா சொன்னா ஆச்சா? கற்பூரத்துமேல அடிச்சுச் சொல்லுங்க."

சிரித்துக்கொண்டே அடித்தார். எங்கள் பக்கம் கற்பூரம் அடித்தபின் பேச்சு மாற முடியாது.

படம் வாங்க மாசிலாமணி அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினார். பாப்பாவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டே காலையிலேயே அந்தக் காகிதத்தை நான் படித்திருந்தேன். பழைய முறைக்கு இரண்டு டி.பி.க்கு மேல் எண்ணத் தெரியாது. டிஸ்க் காலியாக இருக்கும்போதே புதிய முறைக்கு மாற்றினால் நாலும் தெரியும். மாற்றினேன். தெரிந்தது. நடுவில் கோடு போட்டு, என் பாதிக்குப் பாப்பா பேரை வைத்தேன்.

திரும்பி வந்தவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"செத்தது எப்பிடிடி எழுந்துச்சு?"

"நீங்கதானே கற்பூரம் காட்டினீங்க."

மாசிலாமணி அண்ணன் தன் டிஸ்க்கில் கொடுத்தனுப்பியது மூணு டி.பி. படம். மறுநாள் மத்தியானம் அவர் பாதி நிரம்பி, படம் ஏறுவது அப்படியே நின்றுபோனது. நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கேட்காமலே நாலு இலை கிள்ளிப் போட்டார்.

"பிரியங்கா, உன் பக்கத்துல ஓரமா ஒரு பதினோரு படத்துக்கு மட்டும் எடம் குடு. வேணும்னா படத்தையெல்லாம் பாப்பா பேர்லயே எழுதிக்கோ."