கவிட்டு ஓவசியரும் அம்மாவின் முழங்காலும்

கிளிநொச்சியில் அந்தக் காலத்தில் இருந்த அத்தனை கதிரைகளின் அடிப்பக்கத்தையும் கண்ட ஒரே மனிதர் கவிட்டு ஓவசியர்தான். இதை எந்தக் கோயில் வாசலிலும் நின்று சொல்வேன். மற்றவர்கள் ஒரு வீட்டுக்குப் போனால், "இருங்கோ" என்றதும் இருப்பார்கள். இவர் கதிரையைத் தூக்கிக் கவிழ்த்து, கால் பொருந்துகிற இடத்தை விரலால் தடவி, ஒரு பெருமூச்சு விட்டு, நிமிர்த்தி வைத்த பிறகுதான் இருப்பார். ஊர் வைத்த பெயர்தான் கவிட்டு. தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கத்தான் வேண்டும். சம்பளம் கொடுத்தவர்களைத் தவிர வேறு எவருக்கும் அது தெரியாது.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் ஒரு கந்தோரில் கிளாக்கர். அவர் வாய்க்கால், மதகு வேலைகளை மேற்பார்வை பார்க்கும் ஓவசியர். இருவரும் ஒரே போடிங்கில் வாடகைக்கு அறை எடுத்து இருந்தோம். அவருக்கு வயது ஐம்பது, கலியாணம் இல்லை. இவ்வளவு கைவேலையை ரசித்த மனிதருக்கு ஓர் ஆணியை நேராக அடிக்கத் தெரியாது என்பதுதான் வேடிக்கை. நுளம்பு கடிக்காமல் படுக்கைக்கு மேல் வலை கட்டுவதற்காக அவர் சுவரில் அடித்த ஆணி, அடுத்த அறையில் படுத்திருந்தவரின் தலைமாட்டில் எட்டிப் பார்த்தது.

ஒருநாள் கந்தோர் முடிந்து வரும்போது மழை கொட்டத் தொடங்கியது. கையில் புதுக் குடை. விரிக்க வேண்டியதுதானே? மனிதர் அதன் தண்டில் இருந்த சின்னக் கம்பி வில்லை அமத்துவதும் விடுவதுமாக நடுத்தெருவில் நின்றார்.

"தம்பி, இந்தக் குட்டிக் கம்பியைப் பாருங்கோ. முழுக் குடையையும் இதுதான் தாங்குது. இதை யோசிச்சவன் பெண்சாதியோடை ஒருநாளும் சண்டை பிடிச்சிருக்கமாட்டான்."

"ஏன் ஓவசியர்?"

"சரியான பொறுமைசாலி."

அன்று பிடித்த இருமல் பிறகு அவரை விட்டுப் போகவே இல்லை. அவர் வருவதற்கு முன்னால் அது வந்து சேரும்.

ஆனால் ஊர் அவரை மறக்காததற்குக் காரணம் ஒரு செத்தவீடு. முற்றத்தில் வாடகைக்கு எடுத்த இரும்பு மடக்குக் கதிரைகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். கிரியை பாதிதான் ஆகியிருந்தது. திடீரென்று ஓவசியர் எழும்பினார். தன் கதிரையை மடக்கிக் கவிழ்க்கத்தான் எழும்பினார். பக்கத்தில் இருந்தவர் பிரேதம் எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்து மரியாதையாக எழும்பினார். வரிசை எழும்பியது. முற்றமே எழும்பியது. ஆம்பிளைகள் எழும்பியதைக் கண்ட பெண்கள் உள்ளே கடைசி ஒப்பாரியைத் தொடங்கினார்கள். பறை முழங்கியது. ஐயர் பயந்துபோய் மிச்ச மந்திரத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அன்றைக்குப் பிரேதம் நல்ல வெயிலுக்குள் சுடலைக்குப் போனது. ஓவசியர் மட்டும் என் காதுக்குள், "ஒரே ஒரு ஆணியிலை முழு மடிப்பும் நிக்குது, தம்பி" என்றார்.

இப்படிப்பட்டவரை நான் எனக்குப் பொம்பிளை பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டுவது என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

பெண்ணின் பெயர் யோகராணி. சங்கக்கடையில் சாமான் நிறுத்துக் கொடுக்கும் வேலை. அவளைப் பார்ப்பதற்காக நான் சீனி வாங்கினேன். வாங்கி வாங்கி எங்கள் போடிங்கில் மனிதரைவிட எறும்பு அதிகமாகிவிட்டது. கட்டினால் அவளைத்தான் என்று முடிவெடுத்து, தரகரை அனுப்பியதும் நான்தான். முடிவெடுக்க வேண்டிய அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்தார்.

அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். உடம்பு கொஞ்சம் பாரம், முழங்கால் வருத்தம். இருந்தால் எழும்ப இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும். முன்பு ஒரு பெரிய வீட்டில் பெண் பார்க்கப் போனபோது பஞ்சு வைத்த புதுச் செற்றியில் இருத்திவிட்டார்கள். அம்மா உள்ளே போனவர் போனவர்தான். இழுத்து எடுக்கும்போது சேலை கிழிந்தது. "என்னை உயிரோடை புதைக்கப் பாத்த வீட்டிலை சம்பந்தமோ?" என்று அந்தப் பேச்சு முடிந்தது. இப்போது யோகராணியின் வீடோ, காடு வெட்டிக் குடியேறியவர்களின் வாய்க்கால் கரைக் கொலனியில். "காடு வெட்டப் போன சனத்தோடையோ?" என்று கடிதத்திலேயே அம்மா மூக்கைச் சுளித்திருந்தார்.

அப்பா இல்லை. வரவேண்டிய மாமாவுக்கு அன்றைக்கென்று காய்ச்சல். பெரிய மனிதர் என்று சொல்லிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். வேறு வழியில்லாமல் ஓவசியரின் கையைப் பிடித்தேன்.

"ஓவசியர், என்ரை வாழ்க்கை உங்கடை கையிலை. அங்கை ஒண்டையும் கவிட்டுப் பாக்கக்கூடாது."

"நாகதம்பிரான் ஆணை, பாக்கமாட்டன்."

சொன்னபடியே இருந்தார், பாவம். கொலனி வீட்டின் சீமெந்து விறாந்தையில் தந்த கதிரையில், இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அமத்திக்கொண்டு, வியர்த்து வழிய இருந்தார். யோகராணியின் தகப்பன் அம்மாவை ஒரு பழைய முதிரை மரக் கதிரையில் இருத்தினார். தேத்தண்ணி வந்தது. வடை வந்தது. கடைசியாக யோகராணியும் வந்து கும்பிட்டுவிட்டுக் கதவோரம் நின்றாள். அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமலே, "சரி, நேரம் போகுது" என்றார்.

 எங்கள் வீட்டுப் பாஷையில் அதற்கு, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். அம்மாவைத் தூக்கிவிட வழக்கம்போல் கை இரண்டையும் நீட்டிக்கொண்டு ஓடினேன். நான் போவதற்குள் அம்மா எழும்பி நின்றார்.

"அக்கா, அரக்காதேங்கோ, அப்பிடியே நில்லுங்கோ!"

ஓவசியர்தான். பாய்ந்து வந்து அம்மாவின் கதிரையைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். நாகதம்பிரான் ஆணை போனது. வெண்ணெய் திரளவே இல்லை, அதற்குள் தாழி உடைந்துவிட்டது என்று கண்ணை மூடினேன்.

"அக்கா, இப்ப எப்பிடி எழும்பினீங்கள்?"

"இதென்ன கதை? காலாலைதான்."

"ஆர் பிடிச்சது?"

அம்மா என்னுடைய வெறுங்கைகளைப் பார்த்தார். தன் முழங்காலைப் பார்த்தார். "ஒருத்தரும் பிடிக்கேல்லை" என்றார், மெதுவாக.

கதிரையின் நாலு கால்களுக்கும் கீழே, மூன்று விரல் உயரத்துக்குப் புதுக் கட்டை பொருத்தியிருந்தது. வெளியே ஓர் ஆணி தெரியவில்லை. காலில் துளை போட்டு, கட்டையில் முளை விட்டு இறுக்கிய வேலை. ஒவ்வொன்றின் அடியிலும் பழைய சைக்கிள் ரயர்த் துண்டு.

"பழைய கதிரைதான் ஐயா, குறை நினையாதேங்கோ. பிள்ளைதான் ஏதோ ஒட்டுப் போட்டது" என்று தகப்பன் கையைப் பிசைந்தார்.

கதவோரத்திலிருந்து யோகராணி சொன்னாள்: "மாமிக்கு முழங்கால் ஏலாது எண்டு தரகர் சொன்னவர். பதிஞ்ச கதிரையிலை இருந்தால் எழும்பக் கஷ்டம். அதுதான் உயத்தினனான். ஊண்டி எழும்பேக்கை வழுக்காமல் இருக்கத்தான் ரயர்."

ஓவசியர் கதிரைக் காலைப் பிடித்தபடி நிலத்தில் இருந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"எத்தினையோ வருசமாக் கவிட்டுப் பாக்கிறன், அக்கா. எல்லாரும் மரத்தை நினைச்சுத்தான் செய்திருக்கினம். இந்தப் பிள்ளை ஆளை நினைச்சுச் செய்திருக்குது."

 அம்மா, "கதிரையை நிமித்துங்கோ" என்றார். இருந்தார். எழும்பினார். திரும்ப இருந்தார், திரும்ப எழும்பினார். பள்ளிக்கூடத்தில் தோப்புக்கரணம் போடும் பிள்ளைக்குக்கூட அவ்வளவு உற்சாகம் வராது. கடைசியாக நன்றாகச் சாய்ந்து இருந்துகொண்டு, "பிள்ளை, எனக்கு இன்னொரு தேத்தண்ணி கொண்டு வா. சீனி குறைச்சுப் போடு" என்றார்.

அந்தக் கதிரை யோகராணியோடு எங்கள் வீட்டுக்கு வந்தது. கதிரை இருக்கிற இடத்தில்தான் தானும் இருப்பேன் என்று அம்மாவும் கிளிநொச்சிக்கே வந்துவிட்டார். ஓவசியர் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருவார். சந்தியில் அவருடைய இருமல் கேட்டதுமே அம்மா ஒருவர் கையும் பிடிக்காமல் எழும்பி, தன் கதிரையைத் தானே கவிழ்த்து வைத்துவிட்டு, "வாங்கோ தம்பி, பாத்திட்டு இருங்கோ" என்பார்.