ஸ்டியரிங்கைத் தொடாத சனிக்கிழமை

அந்தச் சனிக்கிழமை என் மச்சினன் சுரூரின் ஒட்டகத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்பதில்லை என்று பல் துலக்கும்போதே சபதம் செய்துவிட்டேன்.

வாராவாரம் சனி மதியம் அல் ஐனில் மாமியார் வீட்டுச் சாப்பாடு. சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். மாமியாரின் ஆட்டிறைச்சி மச்பூஸ் சோற்றுக்காக அபுதாபியிலிருந்து நடந்தேகூடப் போவேன். ஆனால் சோறு கால் மணி நேரம். ஒட்டகம் மூன்று மணி நேரம். அழகுப் போட்டிக்கு வளர்க்கிறானாம். போன வாரம் அதன் கீழுதட்டைப் பற்றி மட்டும் ஐம்பது நிமிடம் பேசினான். கல்யாணமான புதிதில் என் மனைவியின் உதட்டைப் பற்றி நானே அவ்வளவு பேசியதில்லை.

நானும் லேசுப்பட்டவன் இல்லை. சாலைக் கட்டுப்பாட்டு அறையில் அதிகாரி. அல் ஐன் சாலையில் பாதி வழியில் பராமரிப்பு வேலை நடக்கிறது. அங்கே கோடு எது, குழி எது என்று தானே ஓடும் கார்களுக்குப் புரியாது. "இனி நீயே ஓட்டிக்கொள்" என்று ஸ்டியரிங்கை மனிதன் கையில் கொடுத்துவிடும். எல்லாக் காரும் ஒரே இடத்தில் கொடுத்தால் எல்லோரும் ஒன்றாகத் திகைத்து, ஒன்றாக பிரேக் அடித்து, சாலையே அடைத்துக்கொள்ளும். அதனால் "நீ ஐந்து கிலோமீட்டர் முன்னாலேயே கொடு, நீ மூன்றில் கொடு" என்று கார்களுக்குப் பிரித்துப் பிரித்துச் செய்தி அனுப்புவது என் வேலை. ஓட்டுபவர் வாங்கிக்கொள்ளாவிட்டால் கார் தானாகவே ஓரத்து அவசர நிறுத்தத்தில் போய் நின்றுவிடும். எங்கள் ஆள் வந்து சோதித்து விடுவிக்கும்வரை நகராது. குறைந்தது இரண்டு மணி நேரம். விதியை எழுதியவன் நான்.

இன்று தூங்குவதுபோல் நடித்து ஸ்டியரிங்கை வாங்காமல் விட்டால், அதற்குள் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். அப்படியே வீடு திரும்பிவிடலாம். பழி காருக்கு. எப்படி என் மூளை!

கிளம்பிப் பத்தாவது நிமிடமே கண்ணை மூடிவிட்டேன். நேரம் வந்ததும் கார் மணியடித்தது. இருக்கை அதிர்ந்தது. பெல்ட் இரண்டு முறை இழுத்தது. நான் அசையவில்லை. பக்கத்தில் என் மனைவி ஷம்மாவும் என்னை எழுப்பவில்லை. அதிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கார் நின்றது. கண்ணைக் கசக்கினேன்.

"அடடா! எங்க இருக்கோம்?"

"ஆறாம் நம்பர் நிறுத்தம்."

"தூங்கிட்டேனா! ரெண்டு மணி நேரம் நகர முடியாதே. அத்தை பாவம், காத்திருப்பாங்க. வர முடியலன்னு போன் பண்ணிடு ஷம்மா."

"சொல்லியாச்சு, பூ மாயித்."

மகன் பெயர் மாயித். அதனால் நான் பூ மாயித், அதாவது மாயித்தின் அப்பா. கோபம் வந்தால் பூ உதிர்ந்துவிடும், வெறும் கல்ஃபான்தான். இன்று பூ இருந்தது. நிம்மதியாக மூச்சு விட்டேன்.

"என்ன சொன்னாங்க?"

"வர்றாங்களாம்."

"யாரு?"

"எல்லாரும்."

முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டார்கள். மணலில் கம்பளம் விரிந்தது. பானை இறங்கியது. பின்னாலேயே சுரூரின் லாரி.

"மச்சான்! நீங்க இன்னும் நேர்ல பார்த்ததே இல்லல்ல?"

பின்கதவைத் திறந்தான். முதலில் உதடு இறங்கியது. பிறகு ஒட்டகம்.

ஜனவரிக் காற்று. சூடான சோறு. பொய் சொல்வானேன், அன்றைய மச்பூஸ் போல நான் சாப்பிட்டதே இல்லை. மூன்றாம் தட்டுக்கு நடுவில் ஷம்மாவின் காதில் கிசுகிசுத்தேன்.

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"இருபத்திரண்டு வருஷமா உங்க குறட்டைக்குப் பக்கத்துல படுக்கிறேன். இன்னிக்குக் கார்ல மயான அமைதி. மனுஷன் முழிச்சிட்டிருக்கார்னு தெரிஞ்சுது. 'பானையை வண்டியில ஏத்து'ன்னு தம்பிக்கு அப்பவே அனுப்பிட்டேன்."

அப்போது பார்த்து எங்கள் ஆள் வந்து சேர்ந்தான். ஒபைத், என் கீழ் வேலை செய்பவன். அவன் கையிலும் ஒரு தட்டைத் திணித்தார் மாமியார்.

"மன்னிக்கணும் சார், படிவத்துல ஒரே ஒரு கேள்வி. கார் கூப்பிட்டப்போ தூங்கிட்டிருந்தீங்களா, முழிச்சிட்டிருந்தீங்களா?"

தூங்கினேன் என்றால் நான்கு வாரம் ஸ்டியரிங் முன்னால் உட்காரக் கூடாது. அதுவும் நான் எழுதிய விதி. முழித்திருந்தேன் என்றால்... மாமியாரின் கரண்டி அந்தரத்தில் நின்றது. சுரூர் வாயை மூடினான். ஒட்டகம்கூட மெல்லுவதை நிறுத்தியது.

"தூங்கிட்டேம்ப்பா."

"அப்போ வண்டியை இனி யார் ஓட்டுவாங்க?"

ஷம்மா லைசென்ஸை ஏற்கெனவே கையில் எடுத்து வைத்திருந்தாள்.

அபுதாபிக்குத் திரும்பும் வளைவு, வேலை நடக்கும் இடத்துக்கு அப்பால் இருந்தது. கூம்புகளுக்கு நடுவே ஒரு குலுக்கல் இல்லாமல் ஓட்டினாள். வயிறு நிறைந்திருந்தது. தோற்றாலும் சுகமாகத்தான் இருந்தது.

"பூ மாயித், வாரம் பூரா உழைக்கிறீங்க. தூக்கமே பத்தல, பாவம்."

"ஆமா ஷம்மா."

"அதனால அடுத்த வாரத்துலேர்ந்து வெள்ளிக்கிழமை சாயந்திரமே அம்மா வீட்டுக்குக் கிளம்பிடலாம். உங்களுக்குப் படுக்கைகூட ஒழிச்சாச்சு, சுரூர் ரூம்ல."